வேலிக்குக் குடிவந்த பூச்சி

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் விட்டில் முதலில் சுவரைத்தான் பார்ப்பாள். அப்புறம் கூரை, அப்புறம் விளக்கு, கடைசியில்தான் ஆட்கள். கல்யாணமான புதிதில் கணவனின் அக்கா வீட்டுக்கு முதல்முறை போனபோதும் அப்படித்தான் பார்த்தாள். வந்ததும் வராததுமாகத் தன் வீட்டில் ஒட்டடை தேடுகிறாள் என்று நாத்தனார் அன்றைக்கே மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். "ஒட்டடை இல்லண்ணி, பூச்சி இருக்கான்னு பார்த்தேன்" என்று இவள் விளக்கப் போக, காரியம் இன்னும் கெட்டது. தன் வீட்டில் பூச்சி தேடுகிற விருந்தாளியை எந்த வீட்டுக்காரிக்குப் பிடிக்கும்?

அதற்காகச் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. வா, உட்கார், சாப்பிடு, போய்ட்டு வா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நாத்தனார் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். மணியடிக்காமலேயே நாலு பேரை வரிசையில் நிற்க வைக்கிற குரல் அவருடையது. அந்தக் குரலுக்கு அடங்காத ஒரே ஆள் தம்பி பெண்டாட்டிதான். எதிர்த்துப் பேசுகிறாள் என்றில்லை. அவள் காதில் அது பெரும்பாலும் விழுவதே இல்லை.

விட்டில் என்பது அருங்காட்சியகத்தில் வைத்த பெயர். அங்கே பூச்சிப் பிரிவில் அந்துப்பூச்சிகளுக்கு, அதாவது விட்டில் வகைகளுக்கு, அவள்தான் பொறுப்பு. அறை முழுக்க உயரமான மர அலமாரிகள். ஒவ்வொன்றிலும் கண்ணாடி மூடி போட்ட இழுப்பறைகள். அவற்றுக்குள் இறக்கை விரித்து ஊசி குத்தப்பட்ட பூச்சிகள் வரிசை வரிசையாக இருக்கும். அறைக்குள் கால் வைத்தாலே அந்துருண்டை வாடை மூக்கைத் துளைக்கும். "அந்துப்பூச்சியைக் காப்பாத்த அந்துருண்டை போடுற இடம் உலகத்துலயே நம்ம ஆபீஸ் ஒண்ணுதான்" என்பது பக்கத்து அறை வண்டு சாரின் பழைய ஜோக். வண்டுகளுக்குப் பொறுப்பு என்பதால் அவர் வண்டு சார். வருகிற ஒவ்வொரு பார்வையாளரிடமும் அதைச் சொல்லிவிட்டு, அன்றைக்குத்தான் புதிதாகத் தோன்றியது போல அவரே சிரிப்பார்.

அந்தச் சனிக்கிழமை நாத்தனார் வீட்டில் மதியச் சாப்பாடு. கணக்கு வாத்தியாரான கணவன் பழக்கூடையோடு முன்னால் ஏறிப் போக, விட்டில் பின்னால் ஏறினாள். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே, படி திரும்புகிற இடத்தில் ஒரு ஜன்னல். அதன் கண்ணாடியில் ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது.

விட்டில் நின்றுவிட்டாள்.

கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. சாம்பல் நிறம், ஓரத்தில் செம்புக் கரை. இறக்கைகளை ஓட்டுக் கூரை மாதிரி சாய்த்து வைத்திருந்தது. ஒவ்வொரு முன்னிறக்கையிலும் வெள்ளையாக மூன்று புள்ளிகள், மேலே ஒன்று, கீழே இரண்டு. இறக்கையின் மேல் படிந்திருந்த தூள் துளியும் உதிரவில்லை. புதுச்சட்டை போட்ட பிள்ளை மாதிரி அத்தனை சுத்தம்.

அவள் மனதுக்குள் இழுப்பறைகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. சாம்பல் நிறத்தில் செம்புக் கரை போட்டவை உண்டு, ஆனால் அவற்றுக்குப் புள்ளி கிடையாது. புள்ளி உள்ளதன் இறக்கை இவ்வளவு அகலமாக இருக்காது. இது அவளுடைய அலமாரியில் இல்லாத பூச்சி. அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தன் பிள்ளைகளுக்கு நடுவே பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து உட்கார்ந்தால் எந்தத் தாய்க்குத்தான் தெரியாது?

"ஏங்க, உங்க மாத்திரை டப்பாவைக் குடுங்க."

கணவன் மேல்படியிலிருந்து எட்டிப் பார்த்தான். "உள்ள மாத்திரை இருக்கே?"

"சட்டைப் பையில கொட்டிக்குங்க."

இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் இந்த மாதிரி நேரத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்பதை அவன் கற்றிருந்தான். மாத்திரைகள் பைக்குள் போயின. விட்டில் டப்பாவைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் நகர்த்தி, பூச்சியை உள்ளே வாங்கி, மூடியை மெதுவாகத் திருகினாள்.

கதவைத் திறந்த நாத்தனாரின் கண் நேரே டப்பாவுக்குத்தான் போனது. "வாசப்படி ஏறுறதுக்குள்ளயே ஆரம்பிச்சாச்சா? அதைச் சாப்பாட்டு மேஜையில வெக்காதே."

டப்பா செருப்பு அலமாரி மேல் உட்கார்ந்தது, விட்டிலின் மனதும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. சாப்பிடும்போது நாத்தனார் எதையோ வருத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலி என்றார், நாசம் என்றார், செவ்வாய்க்கிழமைக்கு ஆள் சொல்லியாயிற்று என்றார். விட்டில் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டிருந்தால்கூட அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை முழுவதும் அவள் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவில்லை. இந்தப் பூச்சிகளில் நிறத்தையும் புள்ளியையும் மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது, அண்ணன் தம்பி போல ஒன்றையொன்று உரித்து வைத்திருப்பவை பல. வயிற்றின் நுனியை வெட்டியெடுத்துக் கரைசலில் ஊறவைத்துச் சதையை நீக்கினால் உள்ளே இனப்பெருக்க உறுப்பின் கடினமான பகுதி மிஞ்சும். பூட்டுக்குச் சாவி போல அது ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சிறு துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தாள். பிறகு, கடலுக்கு அந்தப் பக்கத்து நாடுகளின் பூச்சிகளைப் பற்றிய தடித்த புத்தகத்தைப் புரட்டி அதிலிருந்த படத்தைப் பார்த்தாள். மறுபடியும் தகட்டைப் பார்த்தாள். வளைவுக்கு வளைவு, முள்ளுக்கு முள் பொருந்தியது. அங்கே அது சாதாரணப் பூச்சி. இந்த நாட்டிலோ இதுவரை ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை.

"வண்டு சார், இங்க வாங்க" என்றாள். குரலில் பதற்றம் கொஞ்சமும் இல்லை. காபி ஆறிவிட்டது என்பது போல் சொன்னாள். "நாட்டுக்குப் புதுசு ஒண்ணு."

வண்டு சார் குனிந்து பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "அதேதான். சந்தேகமே இல்ல. வாழ்த்துகள். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஒத்தப் பூச்சி. துறைமுகத்துல ஏதாவது பெட்டிக்குள்ள வந்து இறங்கியிருக்கலாம். வழி தவறி வந்த விருந்தாளியையெல்லாம் நாட்டுப் பட்டியல்ல சேர்க்க மாட்டாங்க. இங்கயே பொறந்து வளருதுன்னு காட்டணும்."

"இங்கதான் பொறந்திருக்கு. இறக்கையைப் பாருங்க, ஒரு செதில்கூட உதிரல. கப்பல்ல வந்த பூச்சியா இருந்தா இந்நேரம் கந்தலாகியிருக்கும். நான் பிடிச்சப்போ கூட்டைவிட்டு வெளிய வந்து ஒரு நாள்கூட ஆகாத பூச்சி இது. அந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்துலயே எங்கயோ…"

பாதியில் நிறுத்திவிட்டாள். புத்தகத்தில் படத்துக்குக் கீழே புழு தின்கிற செடியின் பெயர் இருந்தது. பளபளப்பான சின்ன இலையோடு உயிர்வேலிக்கு வைக்கிற செடி. அப்போதுதான் சனிக்கிழமை காதில் விழாமல் போனதெல்லாம் வரிசையாக வந்து விழுந்தது. வேலி. நாசம். செவ்வாய்க்கிழமை.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்" என்றார் வண்டு சார்.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போவது அவர் வழக்கம். விட்டில் கைப்பையைக் கூட எடுக்காமல் ஓடி, அலுவலக வாசலில் ஒரு வாடகை வண்டியைப் பிடித்தாள்.

கட்டடத்து வாசலில் மருந்தடிக்கிறவர் முதுகில் டிரம்மை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் துணி கட்டியாயிற்று. குழாயைக் கையில் பிடித்தபடி, முதலில் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாத்தனாரும், வேடிக்கை பார்க்க வந்த நாலைந்து வீட்டுக்காரர்களும் நின்றார்கள்.

"நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே வண்டியிலிருந்து இறங்கினாள் விட்டில். வண்டிக்காரருக்குக் கொடுக்கக் கையில் எதுவும் இல்லாததால் நாத்தனார்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அது அவர் முகத்தை இன்னும் இறுக்கியது.

"ஆபீஸ் நேரத்துல இங்க என்ன?"

"வேலிக்கு மருந்து அடிக்கக் கூடாதுண்ணி. இதுல இருக்கிற பூச்சி இந்த நாட்டுக்கே புதுசு. இதுவரைக்கும் யாரும் பார்த்தது கிடையாது."

"புதுசுன்னா? தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடணுமா?" நாத்தனாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "திரும்பிப் பாரு. என் வேலியைக் கொஞ்சம் திரும்பிப் பாரு."

விட்டில் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடமாக அந்த வாசல் வழியாகப் போய் வந்தவள் அன்றுதான் வேலியை வேலியாகப் பார்த்தாள். கட்டடத்தின் மூன்று பக்கமும் இடுப்புயரத்துக்கு அடர்ந்து, நூல் பிடித்தது போல வெட்டிவிடப்பட்ட பச்சைச் சுவர் அது. தெருப்பக்கம் மட்டும் பாதிக்கு மேல் காய்ந்த பழுப்பாக, சல்லடையாகக் கிடந்தது.

"நாங்க குடி வந்தப்போ இங்க சிமெண்டும் மணலும்தான்" என்றார் நாத்தனார். குரல் தாழ்ந்திருந்தது. "லாரி போனா தெருப் புழுதி சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும். குச்சி குச்சியா நட்டேன். கீழ குழாய் கிடையாது, மூணு மாடி பக்கெட்டுல தண்ணி தூக்கினேன். எல்லாரும் சிரிச்சாங்க. இதைத்தான் சனிக்கிழமை உங்கிட்ட சொன்னேன். நீ பூச்சி தெரிஞ்சவளாச்சே, ஒரு வழி சொல்லுவேன்னு நினைச்சேன். தலையைத் தலையை ஆட்டினே. காதுல வாங்கின மாதிரி தெரியல."

"வாங்கலண்ணி" என்றாள் விட்டில். "அந்தப் பூச்சி நினைப்பாவே இருந்துட்டேன். நீங்க சொன்னது ஒரு வார்த்தைகூட உள்ள போகல."

நாத்தனார் ஏதாவது சாக்குப்போக்கு வரும் என்று எதிர்பார்த்திருந்தார். அவர் அடுத்து வாயைத் திறப்பதற்குள் விட்டில் வேலிப்பக்கம் போய் மண்டியிட்டாள்.

"இப்ப சொல்றேன், கேளுங்க. நீங்க மருந்தடிச்சாலும் வேலி பிழைக்காது." ஒரு கொப்பை வளைத்து நீட்டினாள். நுனியில் நாலைந்து இலைகள் பட்டு நூலால் சேர்த்துத் தைத்தது போல் ஒட்டியிருந்தன. "அண்ணே, உங்க டிரம்முல மருந்து கலந்தாச்சா?"

"இன்னும் இல்லம்மா. வெறும் தண்ணிதான்" என்றார் மருந்தடிக்கிறவர்.

"நல்லதாப் போச்சு. இந்தக் கொப்பு மேல ஆசை தீர அடிங்க."

அவர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் தலையசைத்ததும் குழாயைத் திருப்பினார். கொப்பு சொட்டச் சொட்ட நனைந்தது, விட்டிலின் புடவையும்தான். ஒட்டியிருந்த இலைகளை நாத்தனாரின் உள்ளங்கையில் வைத்து அவள் நகத்தால் பிரித்தாள். உள்ளே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. நடுவில் பச்சை உடம்பில் கறுப்புக் கோடு போட்ட புழு ஒன்று மழைக்கு ஒதுங்கிய ஆள் மாதிரி சுகமாகப் படுத்திருந்தது.

கையில் புழுவோடு நாத்தனார் கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"திருட்டுப் பய. வீடு கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்."

"மருந்து இவன் வீட்டுக் கூரையோட நின்னுடும். வெளிய திரியுற மத்த பூச்சிதான் சாகும். இவன் ரெண்டு வாரத்துல மறுபடியும் வருவான்."

"அது சரிதாங்க" என்றார் மருந்தடிக்கிறவர், முகத்துணியை இறக்கியபடி. "இந்த மாதிரி சுருட்டுற புழுவுக்கு என்னை ரெண்டு தடவை, மூணு தடவை கூப்பிடுவாங்க."

"அப்போ என்னதான் பண்றது?" என்றார் நாத்தனார்.

"கையால எடுக்கணும். தைச்ச இலையை மட்டும் கிள்ளி எடுத்துட்டா போதும், செடிக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு மாசம் குடுங்க. துளிர் வரலைன்னா நானே அவருக்குப் போன் பண்ணி மருந்தடிக்கச் சொல்றேன். ஆனா துளிர் வரும்."

"அவ்வளவு நிச்சயமா சொல்றே?"

"இதுல நிச்சயமா சொல்லலைன்னா நான் இத்தனை வருஷம் பூச்சி பார்த்து என்ன பிரயோஜனம்?"

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஈரப் புடவை, மண் அப்பிய முழங்கால், கைப்பை கூட இல்லாத கோலம். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பேரை எடைபோட்ட கண்கள் அவை. "சரி, ஒரு மாசம்" என்றார்.

மறுநாள் காலையிலிருந்து அந்தக் கட்டடத்தில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். நாத்தனார் வேலியைச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்து, வீட்டுக்கு ஒரு பங்கு என்று ஒதுக்கிவிட்டார். பல் தேய்த்தும் தேய்க்காமலும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். முதல் மாடி வக்கீல் மட்டும் தனக்கு முதுகுவலி என்று வாதாடிப் பார்த்தார், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கிள்ளும்படி தீர்ப்பாயிற்று. நாத்தனார் கோட்டுக்குக் கோடு நடந்து சரிபார்த்தார். "இது என்ன, இந்த மூலை அப்படியே இருக்கு? யார் பங்கு இது?" என்ற குரல் கேட்டதும் அந்தப் பங்குக்காரர் குளியலறையிலிருந்தே "இதோ வந்துட்டேங்க!" என்பார்.

கிள்ளிய இலைகளில் ஒரு பகுதியை விட்டில் காற்றோட்டமான டப்பாக்களில் போட்டு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனாள். அவற்றுக்குத் தினமும் புது இலை வேண்டும். அதை நாத்தனாரே பார்த்துப் பார்த்து வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, தம்பியிடம் கொடுத்தனுப்பினார். கணக்கு வாத்தியார் ஒரு கையில் விடைத்தாள் கட்டும் இன்னொரு கையில் தழைக்கட்டுமாகப் போய்க்கொண்டிருந்தார். பள்ளியில் அவருக்கு ஆட்டுக்காரர் என்று பெயர் வந்துவிட்டது.

ஒரு நாள் விட்டில் தன் போனில் அந்த முதல் பூச்சியின் படத்தை நாத்தனாருக்குக் காட்டினாள். அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "மூணு புள்ளி. நம்ம ஆய்த எழுத்து மாதிரியே இருக்கே" என்றார். அன்றிலிருந்து கட்டடம் முழுக்க அது ஆய்தப்பூச்சி ஆகிவிட்டது.

புழுக்கள் தின்று கொழுத்து, டப்பா மூலையில் கூடு கட்டி அடங்கின. விட்டில் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருந்தாள். இறக்கையோடு ஒரு பூச்சி வெளியே வந்தால் போதும், பிறப்பிடம் இதுதான் என்று சொல்லிவிடலாம்.

ஒரு காலையில் வண்டு சார் அவளுக்கு முன்னால் வந்து டப்பாக்களைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றிருந்தார்.

"மனசைத் தேத்திக்குங்க. முதல் டப்பா போச்சு."

விட்டில் மூடியைத் திறக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கூடுகள் எல்லாவற்றிலும் குண்டூசி குத்தினது போல ஓட்டை. டப்பாவுக்குள் ஆய்தப்பூச்சி ஒன்றுகூட இல்லை. கறுப்பாக, எறும்பைவிடச் சின்னதாக, ஏராளமான குளவிகள் ஓடித் திரிந்தன. புழுவின் உடம்பில் முட்டையிட்டு, உள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டைத் துளைத்து வெளிவருகிற வகை அவை.

விட்டில் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். வண்டு சார் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தார்.

"தண்ணி வேண்டாம் சார். இந்தக் குளவி யாருன்னு தெரியுதா? நம்ம ஊர்க் குளவி. இத்தனை நாளா வேற புழுவுல வளர்ந்தது. நேத்து வந்த விருந்தாளியை இது தேடிப் போகுமா? பார்த்துப் பழகி, ருசி கண்டு, பரம்பரையா இங்கயே சாப்பிட ஆரம்பிச்சிருக்கு. அப்படின்னா ஆய்தப்பூச்சி இந்தப் பக்கம் வந்து பல பருவம் ஆயிருக்கணும். வழி தவறி வந்ததுன்னு இனிமே ஒருத்தர் வாய் திறக்க முடியாது."

வண்டு சார் கொண்டு வந்த தண்ணீரைத் தானே குடித்தார்.

விட்டில் உடனே நாத்தனாருக்குப் போன் செய்தாள். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தார். அவள் விஷயத்தைச் சொன்னதும், "அப்போ எனக்குக் காவல்காரன் வந்தாச்சுன்னு சொல்லு" என்றார்.

"ஆமாண்ணி. அன்னிக்கு மருந்து அடிச்சிருந்தா முதல்ல செத்திருக்கிறது இந்தக் காவல்காரங்கதான். இப்ப ஒரு சிக்கல். நாம தினமும் கிள்ளி எடுக்கிறதைச் சோப்புத் தண்ணியில போடறோம். புழுவோட சேர்ந்து அதுக்குள்ள இருக்கிற குளவியும் சாகுது. இனிமே வலை போட்ட கூண்டுல போட்டு வெக்கணும். குளவி வெளிய வரணும், ஆய்தம் உள்ளயே மாட்டணும். அந்த அளவு கண்ணு உள்ள வலை வேணும்."

"எவ்வளவு பெருசு?"

"கடுகு நுழையணும். மிளகு நுழையக் கூடாது."

"அப்படிச் சொல்லு, புரியுது" என்றார் நாத்தனார். மறுநாள் மாலைக்குள் பழைய ஜன்னல் சட்டங்களில் வலை அடித்து மூன்று கூண்டுகள் வேலியோரம் நின்றன. முதல் மாடி வக்கீல்தான் ஆணி அடித்தார். முதுகுவலி எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது டப்பாவிலிருந்து விட்டில்கள் வந்தன. ஒரு காலையில் அவள் அறைக்குள் நுழைந்தபோது ஏழெட்டுப் பூச்சிகள் டப்பாச் சுவரில் தொங்கிக்கொண்டு ஈர இறக்கையை உலர்த்திக்கொண்டிருந்தன. அவள் ஒன்றும் செய்யாமல் கையை மேஜையில் ஊன்றி நின்றாள். கசங்கிய துணி போலிருந்த இறக்கைகள் மெல்ல நீண்டு, நிமிர்ந்து, சாம்பலும் செம்புமாகத் தெளிந்தன. கடைசியில் புள்ளிகள் துலங்கின. பிறந்தது இங்கேதான், தின்றதும் இந்த மண்ணின் இலையைத்தான். இனி இது இந்த நாட்டின் பூச்சி. தன் முகம் வண்டு சாருக்குத் தெரியாதபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆய்வு இதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினாள். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் புழு, கூடு, குளவி என்று பதில் தயாராக இருந்ததால் தடங்கலின்றி ஏற்கப்பட்டது. இழுப்பறையில் புதிதாக ஒரு வரிசை உருவாயிற்று. ஒவ்வொரு பூச்சியின் ஊசியிலும் சேகரித்தவர் பெயரோடு ஒரு சிறு சீட்டு இருக்க வேண்டும். நாத்தனாரின் பெயரை அவள் அதில் எழுதியிருந்தாள். அதைப் பார்க்க நாத்தனாரை அழைத்து வந்தபோது அவர் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகத் தன் பெயரைப் படித்தார். "இனிஷியல் சரியா இருக்கு" என்றார். ஆனால் வீட்டுக்குப் போகும் வரை விட்டிலின் கையை விடவில்லை.

அதற்குள் துளிரும் வந்திருந்தது. பழுப்புக்கு நடுவே முதலில் கிளி மூக்கு அளவுக்கு, பிறகு கொத்துக் கொத்தாக.

செய்தி பத்திரிகைக்குப் போனது. நிருபர் ஒருவர் வந்து படமெடுத்து, தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனார். மறுநாள் பார்த்தால், 'வெளிநாட்டுப் பூச்சி படையெடுப்பு: வேலிகள் காலி!' என்று தலைப்பு. விட்டில் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். நாத்தனார் மடித்து வைக்கிற ஆள் இல்லை. பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டு, செய்தி ஆசிரியரை லைனுக்கு வரவழைத்து, "தம்பி, பேப்பரும் பேனாவும் எடுத்துக்க. நான் சொல்லச் சொல்ல எழுது" என்று ஆரம்பித்தார். இரண்டு நாள் கழித்து வந்த புதுச் செய்தியில் குளவிக்குத்தான் பெரிய படம். மருந்து அடிக்காமல் வேலியைக் காப்பது எப்படி என்று கடுகு மிளகு கணக்கு உட்பட எல்லாம் இருந்தது.

அதைப் படித்துவிட்டு ஊரின் பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் கூப்பிட்டார்கள். எங்கள் வேலியிலும் இருக்கிறது, பள்ளிக்கூடத்து வேலியிலும் இருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு தகவலும் விட்டிலுக்குச் சர்க்கரை. பூச்சி எதுவரை பரவியிருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தாள். வேலிக்கு வழி கேட்டவர்களை நாத்தனாரிடம் அனுப்பிவிட்டாள்.

அடுத்த மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது நகரத் தோட்டத்துறையிலிருந்து ஆறேழு பேர் வந்து கீழே வேலியோரம் நின்றிருந்தார்கள். கூண்டைக் காட்டி நாத்தனார் பேசிக்கொண்டிருந்தது மூன்றாவது மாடி வரை கேட்டது. "பின்னாடி நிக்கிறவர் ஏன் எழுதல?"

சமையலறையில் எல்லாம் தயாராக மூடி வைத்திருந்தது. கணவன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தான். "அக்கா இப்போதைக்கு வர்ற மாதிரி தெரியல. பசிக்குது. நீ போய்க் கூப்பிடேன்?"

"நடுப்பாடத்துல போய்க் கூப்பிட்டா என்னையும் உக்கார வெச்சுடுவாங்க" என்றாள் விட்டில். "தட்டை எடுங்க. நாமளே போட்டுச் சாப்பிடுவோம்."